நோய் கண்ட தொட்டியில் புதிய மீன்களை விடலாமா?

கண்ணாடித் தொட்டி, அதற்குள் நான்கைந்து கப்பி மீன்கள், இரண்டு தங்கமீன்கள், ஒரு சிறிய காற்றுப் பம்பி. இன்று நமது ஊர்களில் பல வீடுகளின் முன் விறாந்தையிலும் பாடசாலைகளின் விஞ்ஞான கூடத்திலும் இதைக் காணலாம். பார்ப்பதற்கு அழகானது, மனதுக்கு அமைதி தருவது. ஆனால் ஒருநாள் ஒரு மீனின் உடலில் உப்புத் தூவியதுபோல் வெண்புள்ளிகள் தோன்றும். மறுநாள் இன்னொன்று மூலையில் ஒதுங்கி நிற்கும். ஒரு வாரத்துக்குள் தொட்டி வெறுமையாகிவிடும். அதன் பின் பலரும் செய்வது ஒன்றுதான். தண்ணீரை மாற்றிவிட்டு, கடைக்குப் போய்ப் புதிய மீன்களை வாங்கிவந்து விடுகிறார்கள். அவையும் இறந்து போகின்றன. "மீன் வளர்க்க நமக்கு ராசியில்லை" என்று தொட்டியைத் தூக்கிப் பின் வளவில் வைத்துவிடுகிறார்கள்.

இது ராசியின் குற்றமன்று. மீன்கள் இறந்தாலும் நோய்க் கிருமிகள் இறப்பதில்லை. அவை தொட்டியின் அடியிலும் கற்களின் இடுக்கிலும் வடிகட்டியின் பஞ்சிலும் காத்திருக்கின்றன. ஆகவே நோய் கண்ட தொட்டியைத் தொற்று நீக்கம் செய்வது எப்படி, புதிய உயிர்களை அதற்குள் எப்போது விடலாம் என்பவற்றை உயர்தர வகுப்பில் நான் கற்ற இரசாயனவியலையும் உயிரியலையும் துணையாகக் கொண்டு இக்கட்டுரையில் விளக்க முயல்கின்றேன்.

இதில் எனக்கு அக்கறை ஏற்பட்டதற்கு என் தங்கச்சிதான் காரணம். எங்கள் வீட்டுத் தொட்டியில் இரண்டு தடவை மீன்கள் முழுவதுமாக இறந்தன. முதல் தடவைக்குப் பின் கடையொன்றில், உப்புத் தண்ணீரால் அலசினால் போதும் என்று சொன்னதை நம்பி வாப்பா அவ்வாறே செய்தார். மூன்றாம் தடவை மீன் வாங்கப் புறப்பட்டபோது தங்கச்சி வர மறுத்தாள். "தாத்தா, நோய் இருக்கிற வீட்டுக்குள்ள தெரிஞ்சுகொண்டே புது மீனக் கொண்டு வந்து விட்டா, அது மௌத்தானா பாவம் நமக்குத்தானே?" என்று கேட்டாள். ஒன்பது வயதுப் பிள்ளையின் கேள்வி அது. அதற்குச் சரியான பதில் தொட்டியை முறையாகச் சுத்தம் செய்வதுதான் என்று எனக்குத் தோன்றியது.

சுத்தம் வேறு, தொற்று நீக்கம் வேறு

இவ்விரண்டையும் நாம் ஒன்றாகவே எண்ணுகின்றோம். கண்ணுக்குத் தெரியும் பாசியையும் கழிவையும் சேற்றையும் அகற்றுவது சுத்தம் செய்தல். கண்ணுக்குத் தெரியாத நோயாக்கிகளைக் கொல்வது தொற்று நீக்கம். முதலாவதைச் செய்யாமல் இரண்டாவதைச் செய்ய முடியாது.

மார்க்கக் கல்வி கற்ற நமக்கு இது புதிய விடயமன்று. ஆடையில் நஜீஸ் பட்டால் முதலில் அதன் பொருளை அகற்ற வேண்டும் என்று மத்ரஸாவில் படித்திருக்கின்றோம். பொருள் அப்படியே இருக்க மேலே தண்ணீரை ஊற்றுவதால் ஆடை சுத்தமாவதில்லை. மீன் தொட்டியிலும் அதே ஒழுங்குதான். குளோரின் போன்ற தொற்று நீக்கிகள் சேதனப் பொருள் எதைக் கண்டாலும் அதனுடன் தாக்கம் புரிந்து தம் வலுவை இழந்துவிடும். பாசியும் மீன்களின் கழிவும் மிஞ்சிய உணவும் தொட்டியில் இருக்கும்போது குளோரினை ஊற்றினால் அது அவற்றோடு போராடித் தீர்ந்துவிடும். அவற்றின் அடியில் மறைந்திருக்கும் பற்றீரியாக்கள் தப்பிவிடும்.

முதலில் நோயை அறிவோம்

எல்லா நோய்க்கும் ஒரே சுத்திகரிப்பு முறை தேவைப்படாது. சிலவற்றுக்குப் பொறுமை மட்டும் போதும். சிலவற்றுக்குக் குளோரினும் போதாது. ஆகவே மீன்கள் எந்த நோயால் இறந்தன என்பதை அறிவது முதற் கடமை.

வெண்புள்ளி நோய்: நமது தொட்டிகளில் மிக அதிகமாகக் காணப்படுவது இதுவே. இக்தியோப்திரியஸ் மல்ரிபிலிஸ் எனும் ஒரு கல ஒட்டுண்ணியே இதற்குக் காரணம். 1876 இல் ஃபூக்கே என்பவர் இதற்குப் பெயரிட்டு விவரித்தார். இதன் வாழ்க்கை வட்டம் மூன்று படிகளைக் கொண்டது. முதலாவது படியில் அது மீனின் தோலுக்கும் பூக்களுக்கும் உள்ளே புகுந்து அங்கே உண்டு வளரும். நாம் காணும் வெண்புள்ளி இதுதான். இரண்டாவது படியில் மீனை விட்டு விழுந்து, தொட்டியின் அடியிலோ கல்லிலோ செடியிலோ ஒட்டிக்கொண்டு தன்னைச் சுற்றி ஓர் உறையை அமைத்து, உள்ளே பிரிந்து பிரிந்து நூற்றுக்கணக்கில் பெருகும். மூன்றாவது படியில் உறை வெடித்து, நீந்தும் சிறு உயிர்கள் வெளியேறி வேறு மீனைத் தேடும்.

இந்த மூன்றாவது படியில்தான் இந்த ஒட்டுண்ணியின் பலவீனம் உள்ளது. நீந்தும் பருவத்தில் அதற்கு உணவு இல்லை. நமது கரையோரப் பிரதேசத்து வெப்பத்தில் ஏறத்தாழ இரண்டு நாட்களுக்குள் ஒரு மீனைக் கண்டடையாவிட்டால் அது இறந்துவிடும். முழு வாழ்க்கை வட்டமும் 25 பாகை செல்சியசுக்கு மேல் ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும். எனவே வெண்புள்ளி நோய் மட்டும்தான் என்பது உறுதியானால், தொட்டியை இரண்டு வாரம் மீன் எதுவுமின்றி விட்டாலே போதும். குளோரின் கூடத் தேவையில்லை. ஆனால் நுவரெலியா போன்ற குளிர்ப் பிரதேசங்களில் வாழ்க்கை வட்டம் மந்தமாவதால் பல வாரங்கள் காத்திருக்க வேண்டும்.

பற்றீரியா நோய்கள்: செட்டை அழுகல், வாயைச் சுற்றிப் பஞ்சு படிந்ததுபோல் வெண்மையாதல் என்பன இவ்வகையைச் சேர்ந்தவை. வாய் வெண்மையாவதைப் பலர் பங்கசு என்று நினைக்கின்றனர். உண்மையில் பெரும்பாலும் அது ஃபிளேவோபற்றீரியம் கொலம்னேர் எனும் பற்றீரியாவின் வேலை. இது வெண்புள்ளி ஒட்டுண்ணியைப் போல் மீன் இல்லாவிட்டால் விரைவில் அழிந்துபோவதில்லை. தண்ணீரிலும் கழிவிலும் நீண்ட நாள் தங்கிவிடும். இதற்குக் குளோரின் தேவை.

மீன்களின் காசநோய்: மீன் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் மெலிந்துகொண்டே போகும். முதுகெலும்பு வளையும். உடலில் ஆறாத புண் தோன்றும். ஒரேயடியாக எல்லா மீன்களும் இறக்காமல், இடைவெளிவிட்டு ஒவ்வொன்றாக இறக்கும். இதற்குக் காரணமான கிருமிகளில் ஒன்று மைக்கோபற்றீரியம் மரீனம். 1926 இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகர மீன் காட்சியகத்தில் இறந்த மீன்களிலிருந்து ஆரன்சன் என்பவர் இதைப் பிரித்தெடுத்தார். இதன் கலச்சுவர் மெழுகுத் தன்மை வாய்ந்தது. ஆகவே சாதாரண குளோரின் கரைசல் இதை இலகுவில் ஊடுருவாது.

இந்தக் கிருமி மனிதரையும் தொற்றக் கூடியது. கையில் உள்ள கீறல், வெட்டுக்காயம் வழியாகப் புகுந்து தோலில் ஆறாத கட்டிகளை உண்டாக்கும். மனித உடலின் உட்புற வெப்பநிலையிலும் பார்க்கக் குறைந்த வெப்பநிலையில், அதாவது ஏறத்தாழ 30 பாகையில் நன்கு வளர்வதால், பெரும்பாலும் கை விரல்களிலும் முன்னங்கையிலுமே தங்கும். மீன் தொட்டியைக் கழுவியவருக்குக் கையில் வாரக்கணக்காக ஆறாத புண் இருந்தால், வைத்தியரிடம் மீன் தொட்டி பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவருக்கு அந்த எண்ணமே வராமற் போகலாம்.

தொட்டியைக் காலியாக்குதல்

தொற்று நீக்கம் என்பது மீன் எதுவும் இல்லாத தொட்டிக்கு மட்டுமே உரியது. உயிருள்ள மீன் ஒன்றாவது எஞ்சியிருந்தால், அதை வேறொரு பாத்திரத்துக்கு மாற்றிச் சிகிச்சை அளித்த பின்பே இவ்வேலையைத் தொடங்க வேண்டும். குணமான மீனிலும் கிருமி தங்கியிருக்கலாம். ஆகவே அதையும் உடனே திருப்பிவிடக் கூடாது.

இறந்த மீன்களைக் குளத்திலோ ஆற்றிலோ வடிகானிலோ எறியாமல் மண்ணில் ஆழமாகப் புதைக்க வேண்டும். பூனைக்கும் போடக் கூடாது. நோயுற்ற மீன்களை "பாவம், பிழைத்துப் போகட்டும்" என்று ஓடையில் விடுவதும் தவறு. நமது ஓடைகளில் வாழும் உள்ளூர் இனங்களுக்கு நாமே நோயைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்களாவோம். தொட்டியின் பாசியைத் தின்னும் என்று வாங்கி வளர்த்து, பெருத்த பின் வெளியே விடப்பட்ட 'டாங்க் கிளீனர்' மீன் இன்று இலங்கையின் நீர்நிலைகளில் ஆக்கிரமிப்பு இனமாகப் பரவியிருப்பதை நாம் அறிவோம்.

அடுத்து, கைகளில் இறப்பர்க் கையுறை அணிந்துகொண்டு தண்ணீரை வெளியேற்ற வேண்டும். குழாயை வாயால் உறிஞ்சித் தண்ணீர் எடுக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. நோய் கண்ட தொட்டியில் இதை அறவே தவிர்க்க வேண்டும். வாளியால் அள்ளி ஊற்றலாம், அல்லது குழாயை முதலில் தண்ணீரால் நிரப்பிக்கொண்டு இறக்கலாம். சமையலறைத் தொட்டியில் எதையும் கழுவக் கூடாது. வெளியே, கிணற்றடிக்குத் தூரமாகவே கழுவ வேண்டும்.

வடிகட்டியின் பஞ்சு, செயற்கைச் செடிகள், விலை குறைந்த வலை என்பவற்றை எறிந்துவிடுவதே உத்தமம். நுண்துளைகள் நிறைந்த பொருட்களைத் தொற்று நீக்குவது கடினம். சில நூறு ரூபாயைச் சேமிக்கப் போய்ப் பெரிய இழப்பைத் தேடிக்கொள்ள நேரும். பின்னர் கண்ணாடியைத் தேய்த்துப் பாசியை அகற்ற வேண்டும். சவர்க்காரம் பாவிக்கக் கூடாது. அது மூலைகளில் உள்ள சிலிக்கன் ஒட்டில் தங்கி மீன்களின் பூக்களைப் பாதிக்கும். கண்ணாடியில் வெண்ணிறமாகப் படிந்த சுண்ணாம்புக் கறையை வினாகிரியால் துடைத்து நீக்கலாம். ஆனால் அதன் பின் நல்ல தண்ணீரால் பல தடவை அலச வேண்டும். அதற்கான காரணத்தைச் சற்றுப் பின்னர் சொல்கின்றேன்.

குளோரின் கணக்கு

வெளிற்றும் திரவம் என்று கடைகளில் விற்கப்படுவது சோடியம் ஐப்போகுளோரைற்றுக் கரைசலாகும். அது தண்ணீரில் கலக்கும்போது ஐப்போகுளோரசு அமிலம் உருவாகின்றது. இது கிருமியின் கலமென்சவ்வினூடாக உட்புகுந்து, உள்ளே உள்ள புரதங்களை ஒட்சியேற்றிச் சிதைக்கின்றது. வெள்ளம் வடிந்த பின் நமது கிணறுகளுக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் குளோரின் இடுவதும் இதே தத்துவத்தின் அடிப்படையில்தான்.

"ஒரு மூடி ஊற்று, இரண்டு மூடி ஊற்று" என்பது அளவன்று. சரியான அளவை நாமே கணிக்கலாம். வெறுமையான தொட்டிக்கும் உபகரணங்களுக்கும் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவது, லீற்றருக்கு 200 மில்லிகிராம் குளோரின் செறிவில் ஒரு மணித்தியாலம் ஆகும்.

எங்கள் தொட்டியை எடுத்துக்கொள்வோம். நீளம் 60 சென்ரிமீற்றர், அகலம் 30 சென்ரிமீற்றர், நிரப்பும் உயரம் 28 சென்ரிமீற்றர். மூன்றையும் பெருக்கினால் 50,400 கன சென்ரிமீற்றர். 1,000 கன சென்ரிமீற்றர் ஒரு லீற்றர் என்பதால் ஏறத்தாழ 50 லீற்றர்.

தேவையான குளோரின்: 50 லீற்றர் × 200 மில்லிகிராம் = 10,000 மில்லிகிராம், அதாவது 10 கிராம்.

5 சதவீத வெளிற்றும் திரவத்தின் ஒரு லீற்றரில் ஏறத்தாழ 50 கிராம் உண்டு. ஆகவே 10 கிராமுக்குத் தேவையானது 200 மில்லிலீற்றர். வேறு விதமாகச் சொன்னால், தொட்டித் தண்ணீரின் ஒவ்வொரு லீற்றருக்கும் 4 மில்லிலீற்றர்.

கிணற்றுக்கு இடும் வெளிற்றும் தூளைப் பாவிப்பதானால், அதில் 30 சதவீதம் பயன்படு குளோரின் இருக்குமாயின் 10 கிராமுக்கு ஏறத்தாழ 33 கிராம் தூள் தேவை. தூளை வாளியில் கரைத்துத் தெளியவிட்டு, மேல் நீரை மட்டும் எடுக்க வேண்டும்.

இங்கே மூன்று விடயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, வாசனை சேர்த்த, நுரைக்கும் வகைகளை வாங்கக் கூடாது. இரண்டாவது, திறந்து பல மாதமான போத்தலின் வலு குறைந்திருக்கும். வெப்பமும் ஒளியும் ஐப்போகுளோரைற்றைப் பிரிகையடையச் செய்யும். ஆகவே புதிய போத்தலையே பாவிக்க வேண்டும். மூன்றாவது, தொட்டியை விளிம்பு வரை நிரப்ப வேண்டும். நோயுள்ள தண்ணீர் தெறித்த மேல் விளிம்பைப் பலர் மறந்துவிடுகின்றனர். காற்றுக் குழாய், வெப்பமானி, கண்ணாடி மூடி என்பவற்றையும் அதற்குள்ளேயே அமிழ்த்திவிடலாம். மின்சாரம் செல்லும் பம்பியை மட்டும் வெளியே வைத்து, அதே கரைசலில் நனைத்த துணியால் துடைக்க வேண்டும்.

காசநோய் என்று சந்தேகம் இருந்தால் கற்கள், வலை, பஞ்சு, அலங்காரப் பொருட்கள் அனைத்தையும் எறிந்துவிட வேண்டும். கழுவி உலர்த்திய வெறும் கண்ணாடியை 70 சதவீத எதனோலால் நன்கு நனைத்துத் துடைத்து, சில நிமிடங்கள் ஈரமாகவே இருக்கச் செய்ய வேண்டும். எதனோல் மெழுகுச் சுவரையும் ஊடுருவ வல்லது. ஆனால் எளிதில் தீப்பற்றும். ஆகவே அடுப்புக்கும் மின் ஆழிக்கும் தூரமாக, காற்றோட்டமான இடத்தில், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கவே இதைச் செய்ய வேண்டும். கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்ரிக் தொட்டியாயின் எதனோல் அதனை வெடிக்கச் செய்யலாம். அவ்வாறான சிறிய தொட்டியை எறிந்துவிடுவதே மேல்.

ஒருபோதும் கலக்கக் கூடாதவை

சகோதரிகளே, இக்கட்டுரையில் வேறெதை மறந்தாலும் இப்பகுதியை மறக்க வேண்டாம். வெளிற்றும் திரவத்துடன் அமிலம் எதுவும் சேரக் கூடாது. சேர்ந்தால் நச்சுத்தன்மை கொண்ட குளோரின் வாயு வெளியேறும். மலசலகூடம் கழுவும் திரவங்களில் பலவற்றில் ஐதரோகுளோரிக் அமிலம் உண்டு. வினாகிரியும் அமிலமே. சுண்ணாம்புக் கறையை நீக்கிய பின் பல தடவை அலச வேண்டும் என்று மேலே சொன்னது இதனாலேயே. அதுபோல அமோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவங்களும் சேரக் கூடாது. சேர்ந்தால் குளோரமைன் எனும் நச்சு வாயு உண்டாகும்.

வெளிற்றும் திரவத்தை எப்போதும் தண்ணீருக்குள் ஊற்ற வேண்டும். திறந்த வெளியில் செய்ய வேண்டும். சிறு பிள்ளைகளைப் பக்கத்தில் விடக் கூடாது. முடிந்ததும் அந்தக் கரைசலைச் செடிகளுக்கோ ஓடைக்கோ உடனே ஊற்றாமல், பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில் திறந்த பாத்திரத்தில் வெயிலில் ஓரிரு நாள் வைத்து, குளோரின் வலுவிழந்த பின்னரே வெளியேற்ற வேண்டும்.

கல், மரக்கட்டை, செடி

சரளைக் கற்களை வைத்துக்கொள்ள விரும்பினால் நன்கு கழுவி, பழைய பானை ஒன்றில் 20 நிமிடம் கொதிக்க வைக்கலாம். அந்தப் பானையைப் பின்னர் சமையலுக்கு எடுக்கக் கூடாது. பெரிய கற்களைக் கொதிக்க வைக்க வேண்டாம். உள்ளே ஈரம் அடைபட்டிருந்தால் வெடிக்கக் கூடும். மரக்கட்டை குளோரினை உறிஞ்சி வைத்துக்கொண்டு பின்னர் மெல்ல மெல்ல வெளிவிடும். ஆகவே அதனையும் கொதிக்க வைக்கலாம், அல்லது எறிந்துவிடலாம்.

உயிருள்ள நீர்ச்செடிகளைக் குளோரின் கொன்றுவிடும். அவற்றைப் பொற்றாசியம் பரமங்கனேற்று, அதாவது நமது வீடுகளில் 'கொண்டிஸ்' என்று அழைக்கப்படும் ஊதா நிறப் பளிங்குகளின் மென்கரைசலில் 10 நிமிடம் வைத்தெடுக்கலாம். லீற்றருக்கு 10 மில்லிகிராம் போதும். ஒரு கிராமை ஒரு லீற்றரில் கரைத்து, அதிலிருந்து 10 மில்லிலீற்றரை எடுத்து மேலும் ஒரு லீற்றர் தண்ணீரில் கலந்தால் இச்செறிவு கிடைக்கும். எனினும் இது முழுமையான தொற்று நீக்கமன்று. காசநோய் கண்ட தொட்டியின் செடிகளை வைத்துக்கொள்ளவே கூடாது.

குளோரின் போய்விட்டதா?

கிருமியைக் கொல்லும் குளோரின் மீனையும் கொல்லும். மீனின் பூக்களின் மென்மையான இழையங்களை அது எரித்துவிடும். ஆகவே அதனை முழுமையாக அகற்ற வேண்டும். தொட்டியை நல்ல தண்ணீரால் மூன்று நான்கு தடவை அலசி, வெயிலில் கவிழ்த்து வைத்து மூன்று நாள் உலர்த்துவது எளிய வழி. உலர்வும் வெயிலும் ஒட்டுண்ணிகளுக்கும் பெரும்பாலான பற்றீரியாக்களுக்கும் பகையாதலால் இதில் இரட்டை நன்மை உண்டு. நமது நாட்டின் வெயில் அல்லாஹ் நமக்கு இலவசமாகத் தந்த தொற்று நீக்கி.

பின்னர் தொட்டியை நிரப்பி, மீன் கடைகளில் கிடைக்கும் குளோரின் நீக்கியைச் சேர்க்கலாம். அதில் பெரும்பாலும் இருப்பது சோடியம் தயோசல்பேற்று. அது குளோரினைத் தீங்கற்ற குளோரைட்டாக மாற்றிவிடும். குழாய்த் தண்ணீரிலும் சிறிதளவு குளோரின் இருப்பதால், அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் வைத்த பின் பாவிப்பது நல்லது.

மணத்தை மட்டும் நம்ப வேண்டாம். மூக்கு அறியாத அளவு குளோரினும் மீனைப் பாதிக்கும். பாடசாலை ஆய்வுகூடத்தில் இதற்கு ஓர் அழகிய சோதனை உண்டு. தொட்டித் தண்ணீரில் சிறிது எடுத்து, அதில் பொற்றாசியம் அயடைட்டுக் கரைசலும் மாப்பொருட் கரைசலும் சில துளிகள் சேர்க்க வேண்டும். குளோரின் இருந்தால் அது அயடைட்டை அயடீனாக மாற்றும். அயடீன் மாப்பொருளுடன் சேர்ந்து நீல நிறம் தரும். குளோரின் நீக்கி சேர்ப்பதற்கு முன்னும் பின்னும் இரண்டு மாதிரிகளை எடுத்து நான் இதைச் செய்து பார்த்தேன். முதலாவது நீலமாகியது. இரண்டாவது நிறமற்றிருந்தது. பரீட்சைக்காக மனனமிட்ட தாக்கமொன்று வீட்டில் ஓர் உயிரைக் காக்க உதவுவதைக் கண்டபோது ஏற்பட்ட மகிழ்ச்சி சொல்லில் அடங்காது.

தொட்டி சுத்தம், ஆனால் இன்னும் தயாரில்லை

பலர் தவறிவிடும் இடம் இதுதான். தொட்டியை முறையாகத் தொற்று நீக்கி, பளபளவென்று நிரப்பி, பத்து மீன்களை ஒன்றாக விடுகின்றனர். ஒரு வாரத்தில் அவை இறக்கின்றன. "நோய் திரும்பி வந்துவிட்டது" என்று சொல்கின்றனர். பெரும்பாலும் அது நோயன்று, அமோனியா நஞ்சு.

மீன்கள் பூக்கள் வழியாக இடையறாது அமோனியாவை வெளியேற்றுகின்றன. ஆரோக்கியமான தொட்டியில் வடிகட்டியிலும் கற்களிலும் வாழும் நன்மை செய்யும் பற்றீரியாக்களில் ஒரு கூட்டம் அமோனியாவை நைத்திரைற்றாகவும், மற்றொரு கூட்டம் நைத்திரைற்றைத் தீங்கு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. குளோரினுக்கு நல்ல பற்றீரியா, கெட்ட பற்றீரியா என்ற பேதம் தெரியாது. இரண்டையும் அது கொன்றுவிட்டது. எனவே தொற்று நீக்கிய தொட்டி, கழிவகற்றும் தொழிலாளர் எவருமே இல்லாத நகரம் போன்றது.

அமோனியாவின் நச்சுத்தன்மை தண்ணீரின் பீஎச் பெறுமானத்தில் தங்கியுள்ளது. 25 பாகையில் பீஎச் 7 ஆக இருக்கும்போது மொத்த அமோனியாவில் ஏறத்தாழ 0.5 சதவீதமே நச்சு வடிவில் இருக்கும். பீஎச் 8 ஆனால் அது ஏறத்தாழ 5 சதவீதமாகும், அதாவது பத்து மடங்கு. சுண்ணாம்புத் தன்மை கூடிய யாழ்ப்பாணம், புத்தளம் போன்ற பிரதேசக் கிணற்று நீரைப் பாவிப்போர் இதில் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும். நைத்திரைற்றோ மீனின் குருதியில் உள்ள ஈமோகுளோபினை மாற்றி, ஒட்சிசனைக் காவ முடியாதபடி செய்துவிடும். தண்ணீரில் ஒட்சிசன் இருந்தும் மீன் மூச்சுத் திணறி இறக்கும்.

நல்ல பற்றீரியாக்கள் மீண்டும் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் வரை செல்லும். மீன் இல்லாமலே பம்பியையும் வடிகட்டியையும் இயக்கி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரு சிட்டிகை மீன் உணவை மட்டும் இட்டுவந்தால், அது அழுகி அமோனியாவைத் தரும். அதை உண்டு பற்றீரியாக்கள் பெருகும். நீண்ட நாள் நோயின்றி இருக்கும் தொட்டி ஒன்றிலிருந்து பழைய வடிகட்டிப் பஞ்சின் ஒரு துண்டைப் பெற்று வைத்தால் இக்காலம் வெகுவாகக் குறையும். நோய் கண்ட தொட்டியின் பஞ்சை இதற்காகப் பாதுகாத்து வைப்பது, கழுவிய பாத்திரத்தில் பழைய அழுக்கையே மீண்டும் இடுவதற்கு ஒப்பாகும்.

காத்திருக்கும் இக்காலத்தில் வெண்புள்ளி ஒட்டுண்ணி ஏதும் தப்பியிருந்தாலும் மீனின்றி இறந்துவிடும். பொறுமை இருவகையிலும் பயன் தருகின்றது.

புதிய மீன்களைத் தனிமைப்படுத்தல்

இவ்வளவும் செய்துவிட்டு, கடையிலிருந்து கொண்டுவந்த பையை அப்படியே தொட்டிக்குள் கவிழ்த்தால் முழு உழைப்பும் வீணாகும். பெரும்பாலும் நோய் நமது வீட்டுக்குள் நுழைவது அந்தப் பை வழியாகவே.

கொள்ளைநோய் பரவிய ஊருக்குள் நுழைய வேண்டாம், அந்த ஊரில் இருப்பவர் அதை விட்டு வெளியேறவும் வேண்டாம் என்று நமது நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் வழிகாட்டியதை நாம் அறிவோம். கொவிட் காலத்தில் அதன் பெறுமதியை உலகமே உணர்ந்தது. மீன் தொட்டிக்கும் அதே ஒழுங்கு பொருந்தும். புதிய மீன்களை முதலில் வேறொரு வாளியிலோ சிறிய தொட்டியிலோ காற்றூட்டத்துடன் மூன்று நான்கு வாரம் வைத்துக் கவனிக்க வேண்டும். அதற்கென்றே தனி வலை இருக்க வேண்டும். அந்த வாளியிலும் நல்ல பற்றீரியாக்கள் இல்லாததால், ஒரு நாள் விட்டு ஒரு நாள் கால்வாசித் தண்ணீரை மாற்றி, உணவைக் குறைத்துக் கொடுக்க வேண்டும்.

மீன் வாங்கும்போதே செட்டைகளைச் சுருக்கி வைத்திருக்கும், கல்லில் உடம்பை உரசும், தனித்து ஒதுங்கும் மீன்களைத் தவிர்க்க வேண்டும். அதே தொட்டியில் இறந்த மீன் ஒன்று கிடந்தால் உயிருள்ளவையும் வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் பையை 15 முதல் 20 நிமிடம் தண்ணீரில் மிதக்கவிட்டு வெப்பநிலையைச் சமப்படுத்தி, மீனை மட்டும் வலையால் எடுத்துவிட்டுப் பையின் தண்ணீரை வெளியே ஊற்றிவிட வேண்டும். பெரிய தொட்டிக்கு மாற்றும்போதும் இரண்டு மூன்று மீன்களாக, வாரக்கணக்கு இடைவெளிவிட்டு மாற்ற வேண்டும்.

முடிவுரை

ஒரு பூனையைக் கட்டிவைத்து உணவளிக்காதிருந்த பெண் தண்டிக்கப்பட்டதையும், தாகித்த நாய்க்கு நீர் புகட்டியவர் மன்னிக்கப்பட்டதையும் ஹதீஸ்களில் படித்திருக்கின்றோம். நான்கு கண்ணாடிச் சுவர்களுக்குள் நாம் அடைத்து வைக்கும் மீன் தன் உணவைத் தானே தேட முடியாது. கெட்ட நீரை விட்டு நல்ல நீருக்குப் போகவும் முடியாது. அதன் முழு உலகமும் நம் கையில் இருக்கின்றது. இது அழகுப் பொருளை வைத்திருப்பதன்று, ஓர் அமானிதத்தைச் சுமந்திருப்பது.

ஆகவே, நோய் கண்ட தொட்டியில் புதிய மீன்களை விடலாமா என்ற கேள்விக்கு விடை இதுதான்: நோயை அறிந்து, அழுக்கை அகற்றி, அளந்து தொற்று நீக்கி, குளோரின் நீங்கியதைச் சோதித்து, நல்ல பற்றீரியாக்கள் குடியேறும் வரை பொறுத்து, புதிய மீன்களைத் தனியே வைத்துப் பார்த்த பின் விடலாம். கணக்கிட்டுப் பார்த்தால் ஏறத்தாழ ஒன்றரை மாதம். அவசரக்காரருக்கு இது நீண்ட காலம். உயிரின் பெறுமதி தெரிந்தவருக்கு இது மிகவும் குறுகியது. இந்தப் பொறுமைக்கு மனமில்லாதவர் தொட்டியை வெறுமையாகவே வைத்திருப்பது சிறந்தது. மனமுள்ளவரின் தொட்டியில், இன்ஷா அல்லாஹ், மீன்கள் நெடுநாள் நீந்தும்.